அந்தோனியார் சட்டை

யெர்கோ உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் தீவில் யாரும் கிடையாது. முப்பத்தோரு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஆடுகிற தரையில் நின்றபடியே கொதிக்கிற பானையைப் பிடித்துப் பழகிய கால்கள், ஆடாத தரைக்கு வந்த பிறகு அவரைச் சும்மா விடவில்லை. ஓய்வுபெற்று ஏழு வருஷம் ஆகிறது. காலையில் படகுத்துறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். காபியை நின்றபடி குடிப்பார். சீட்டாட்டத்தில்கூட நின்றுகொண்டுதான் சீட்டை வீசுவார். எதிரே ஆடுகிறவனுக்குத் தலை சுற்றும். "உட்காருய்யா, உன் கால்ல என்ன சக்கரமா?" என்று நாங்கள் கத்தினால், "இதோ, இதோ" என்பார். அந்த "இதோ" ஏழு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. சமையலறை ஜன்னலோரம் போட்டிருக்கும் பிரம்பு நாற்காலி. அவர் உட்காராததால் அதில் பூனை உட்கார்ந்துகொண்டது. பூனைக்கு ஷ்கூரோ என்று பெயர். எங்கள் பேச்சில் அதற்குக் கறுப்பன் என்று அர்த்தம். மூக்கு முதல் வால் வரை கரிச்சட்டி நிறம். யெர்கோவின் மனைவி தோப்ரிலா வலைக்குவியலுக்குள்ளிருந்து எடுத்து வந்து வளர்த்தது. "அது அவ பூனை. எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்று யெர்கோ ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மத்தி மீனில் முள் எடுத்து அதன் தட்டில் வைப்பவர் யார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த மே மாதம், ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்ததென்று தோப்ரிலா மூன்று மாதத்துக்குப் பெர்த் நகரத்துக்குக் கிளம்பினாள். போவதற்கு முன் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். பதினோரு கட்டளைகள். ஒன்பது பூனைக்கு, ஒன்று அத்தி மரத்துக்கு, ஒன்று புனித அந்தோனியாருக்கு.

"எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று யெர்கோ கேட்டார்.

"உனக்கு வாய் இருக்கு. பசிச்சா கேப்ப. அவனுக்கு இருக்கா?"

அந்தோனியாருக்கான கட்டளை இதுதான்: ஜூன் பதின்மூன்றாம் தேதி மேட்டில் இருக்கிற நம் தோட்டத்து லில்லிப் பூக்களை வெட்டி, கோவிலுக்குக் கொண்டுபோய், மந்திரித்து வாங்கி, சுரூபப் பவனியில் பிடித்துக்கொண்டு நடந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் அறையில் என் அம்மா படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, "இது அந்தோனியாருக்கு" என்று சீட்டுக் குத்தி அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள். முன்னெல்லாம் ஜூன் மாதத்தில் யெர்கோ கடலில் இருப்பார். ஓய்வுக்குப் பிறகு மீன் பிடிக்கப் போய்விடுவார். லில்லி வீட்டுக்கு வருவதை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

யெர்கோ சொன்னபடி செய்தார். ஒரு கை நிறைய லில்லி. சாமியார் தண்ணீர் தெளித்தார். சாயங்காலம் படகுத்துறை முழுக்க வெள்ளைப் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் பவனி வந்தது. நடக்கச் சொன்னால் யெர்கோவுக்குக் கசக்குமா? முதல் ஆளாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு இடத்தில்தான் பிசகினார். முன் அறையில் மாமியார் படம் இருக்கிறதே, அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது இவரைப் பார்த்த பார்வையையே படத்திலும் வைத்திருக்கிறாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பூக்களைச் சமையலறை மேஜையிலேயே ஒரு மண் ஜாடியில் நிறுத்தினார்.

ஷ்கூரோ மேஜை மேல் ஏறியது. பூவுக்குள் முகத்தை விட்டது, காதைத் தேய்த்தது, பிறகு ஜாடித் தண்ணீரை நக்கிக் குடித்தது. அப்போது மணி எட்டு. யெர்கோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விரட்டக் கையை ஓங்கியவர், கையை இறக்கிவிட்டார். மந்திரித்த பூ நின்ற தண்ணீர், குடித்தால் நல்லதுதானே?

"குடி, குடி. உனக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்" என்றார்.

காலை ஆறு மணிக்குப் பூனை வாந்தி எடுத்தது. ஏழு மணிக்குள் மூன்று தடவை. பிறகு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது. யெர்கோ தரையில் மண்டியிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், மத்தியைக் காட்டிப் பார்த்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு வின்காவைக் கூப்பிட்டார். எழுபத்தைந்து வயது, ஊரில் எல்லோருக்கும் அக்கா. எந்த வியாதிக்கும் அவளிடம் மருந்து இருக்கும், அது எப்போதும் ஆலிவ் எண்ணெயாகவே இருக்கும்.

"பல்லியைத் தின்னிருப்பான். இந்த மாசத்துல எல்லாப் பூனையும் இப்படித்தான். ஒரு கரண்டி எண்ணெய் ஊத்து, சரியாப்போகும்."

"நிஜமாவா அக்கா?"

"நாப்பது வருஷமா பூனை வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா? பிடி வாயை."

ஊற்றினார்கள். எண்ணெயும் வெளியே வந்தது. ஒன்பது மணிக்குப் பூனை தலையைத் தூக்கவில்லை. யெர்கோ சமையலறையில் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அந்த மேஜை மேல்தான் லில்லிப் பூக்கள் கம்மென்று மணத்துக்கொண்டு நின்றன. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் மனசிலும் அது படவில்லை.

"தோப்ரிலாகிட்ட என்னத்தைச் சொல்லுவேன்? ஒன்பது கட்டளை எழுதி ஒட்டிட்டுப் போனாளே" என்று அவர் புலம்பினார்.

"என்கிட்ட புலம்பி என்ன? டவுனுக்குக் கொண்டு போ!"

எங்கள் தீவில் மனிதருக்கே வாரத்தில் இரண்டு நாள்தான் டாக்டர். கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்ப்லிட் நகரத்தில் இருக்கிற கால்நடை அவசர மருத்துவமனைக்கு யெர்கோ போன் செய்தார். எடுத்த பெண் குரல் "வணக்கம்" முடிவதற்குள் கேள்விகளைத் தொடங்கியது. மூச்சு எப்படி விடுகிறது? வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள், என்ன நிறம்? கடைசியாக எப்போது மூத்திரம் போனது? முதல் இரண்டுக்கு யெர்கோவிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை.

"இனிமே வாய் வழியா எதுவும் கொடுக்காதீங்க. எண்ணெய், பால், தண்ணி எதுவும் வேண்டாம். மூடி இருக்கிற பெட்டியில துண்டு விரிச்சு வைங்க. வாந்தியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"தீவுல இருக்கேம்மா. பதினோரு மணிக்குத்தான் கப்பல்."

"அதுல வந்துடுங்க" என்றது குரல்.

பெட்டிக்கு எங்கே போவது? வின்கா தன் வீட்டு திராட்சைக் கூடைகள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்றில் பூனையை வைத்து, மற்றொன்றைக் கவிழ்த்து மூடி, மாலுமிக் கட்டு போட்டு இறுக்கினார் யெர்கோ. வாந்தியை ஜாம் பாட்டிலில் எடுத்தார். நாற்காலி முதுகில் நேற்று கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டை கிடந்தது. வேறு சட்டை தேட யாருக்குப் பொறுமை இருந்தது? அதையே மாட்டிக்கொண்டு ஓடினார்.

கப்பல் ஸ்ப்லிட் போக இரண்டு மணி நேரம். கூடையை ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு யெர்கோ அந்தப் பெஞ்சைச் சுற்றி நடந்தார். பத்து சுற்றுக்கு ஒரு தடவை குனிந்து, கூடைப் பின்னலுக்குள் விரலை விட்டு, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்குத் தோப்ரிலா கூப்பிடுவாள். அங்கே அது சாயங்காலம் ஆறு. முகம் பார்த்துப் பேசுகிற போன். யெர்கோ கேமராவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"என்ன இருட்டா இருக்கு?"

"சிக்னல் சரியில்ல."

"மூச்சு வாங்குதே, எங்க இருக்க?"

"மீன் பிடிக்க வந்தேன்."

"இந்த உச்சி வெயில்லயா?"

கப்பலும் அந்த நேரம் பார்த்துத்தானா ஊத வேண்டும்? நீளமாக ஊதியது.

"உன் ஓட்டைப் படகுக்கு எப்போ சங்கு வச்ச?"

"பக்கத்துல பெரிய கப்பல் போகுதுடி."

"சரி. ஷ்கூரோ எங்க?"

யெர்கோ கூடையைப் பார்த்தார். "தூங்குறான்" என்றார். போனை வைத்துவிட்டு மறுபடி கூடைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

மருத்துவமனைக்குள் காலை வைத்ததும் ஒருத்தி வந்து கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஒரு கதவுக்குப் பின்னால் மறைந்தாள். அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்தில் எந்தப் புயலிலும் தன் சமையலறையை விட்டு வெளியே போகாத மனிதரை, "நீங்க இங்கேயே இருங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். இதயம் நின்றுபோனால் நெஞ்சை அமுக்கி எழுப்பிப் பார்க்கவா, வேண்டாமா? ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போடுங்கள். வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு கேள்வியா? யெர்கோ "ஆம்" கட்டத்தில் தாள் கிழியுமளவுக்கு அழுத்திக் குறி போட்டார்.

டாக்டர் ஓர்னெல்லா வந்தாள். சின்ன வயது, சுருட்டை முடி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. யெர்கோவை மரியாதையாக "ஷோர் யெர்கோ" என்றுதான் கூப்பிட்டாள்.

"எலி மருந்து வச்சிருந்தீங்களா?"

"இல்ல."

"மனுஷங்க மாத்திரை ஏதாவது?"

"இல்ல. எண்ணெய் கொடுத்தோம், ஒரு கரண்டி." குற்றவாளிபோல் சொன்னார்.

"வீட்டுக்குள்ள செடி ஏதாவது?"

"ஒரு செடியும் இல்ல டாக்டரம்மா. அத்தி மரம் வெளியில நிக்குது."

அவள் எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுத்திருக்கிறோம், வயிற்றுக் கோளாறுபோலத்தான் தெரிகிறது, வாந்தி நிற்க ஊசி போட்டாயிற்று, முடிந்தால் சாயங்காலமே கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். யெர்கோவுக்கு உயிர் வந்தது. சரியென்று நடந்தார். வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை ஒன்பது அடி, திரும்பி ஒன்பது அடி. நாயோடு வந்திருந்த ஓர் அம்மாள், "கொஞ்சம் உட்காருங்களேன், என் நாய் உங்களையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிச்சுப் போச்சு" என்றாள். "இதோ" என்றார்.

ஒன்றே முக்காலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் இன்னொரு தாளோடு வந்தாள். முகம் மாறியிருந்தது. ரத்தத்தில் சிறுநீரக அளவு கூடியிருக்கிறது, காரணம் புரியவில்லை, இன்னும் சில சோதனைகள் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள். யெர்கோ பேனாவைப் பிடித்துக் கையை நீட்டினார். டாக்டர் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள்.

"ஷோர் யெர்கோ, இது என்ன கறை?"

வெள்ளைச் சட்டையின் கை முனையில் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு.

"இதுவா? நேத்து பவனியில பட்டது. தண்ணியில கழுவினேன், இன்னும் பரவிப் போச்சு."

"எது பட்டது?"

"லில்லிப் பூவுக்குள்ள இருக்குமே, அந்தப் பொடி."

"லில்லியா! வீட்ல செடி இருக்கான்னு கேட்டேனே, ஒண்ணும் இல்லைன்னீங்களே!"

"அது செடி இல்லையே டாக்டரம்மா. அது அந்தோனியாரோடது."

சிரிக்காதீர்கள். எங்கள் தீவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். மந்திரித்து வாங்கிய பிறகு அதைப் பூவென்று யார் நினைக்கிறார்கள்? வின்கா நினைத்தாளா? நான் நினைத்தேனா?

"கடிச்சானா?"

"இல்ல, தண்ணியைத்தான் குடிச்சான். நான் பார்த்துட்டே இருந்தேன். நல்லதுன்னு நினைச்சு... நான்தாம்மா குடிக்க விட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "லில்லியில இலை, பூ, பொடி, அது நின்ன தண்ணி, எல்லாமே பூனைக்கு விஷம். நேரா சிறுநீரகத்தைப் பிடிக்கும். பதினெட்டு மணி நேரத்துக்குள்ள டிரிப் ஏத்த ஆரம்பிக்கணும்பாங்க. உங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு." பேசிக்கொண்டே ஓடினாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: "அந்தக் கறுப்பனுக்கு டிரிப்பைப் பெரிசா ஏத்துங்க! முடியெல்லாம் கழுவுங்க, பொடி இருக்கும்!"

இருந்தது. கழுவிய தண்ணீர் மஞ்சளாக ஓடியதாம். கரிச்சட்டி நிறத்தில் ஒட்டியிருந்த பொடி யார் கண்ணிலும் படவில்லை. தோப்ரிலா இஸ்திரி போட்ட வெள்ளையில்தான் அது தெரிந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து ஒளிக்காமல் சொன்னாள். மூன்று நாள் இரவும் பகலும் டிரிப் ஏற வேண்டும். உள்ளே போகிற தண்ணீர் மூத்திரமாக வெளியே வந்தால் சிறுநீரகம் பிழைத்தது என்று அர்த்தம். இதுவரை ஒரு சொட்டு வரவில்லை. "வராமப் போனா நான் உங்களை உட்கார வச்சுப் பேச வேண்டியிருக்கும்" என்றாள். என்ன பேசுவாள் என்று யெர்கோவுக்குத் தெரிந்தது.

பழைய கப்பல்காரன் ஒருவன் வீட்டில் ராத்தங்கினார். தங்கினார் என்று பேர்தான். விடிந்ததும் கடற்கரை நடைபாதையில் இறங்கிவிட்டார். பனைமரங்களைக் கடந்து போனார், வந்தார், போனார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு போன்.

"போனானா?"

"இன்னும் இல்ல ஷோர் யெர்கோ."

உலகத்தில் வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு பூனை மூத்திரம் போக வேண்டும். நான்தானே குடி, குடி என்றேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

பத்து மணிக்கு வின்கா கூப்பிட்டாள். விஷயத்தை முந்தின சாயங்காலமே அவளிடம் சொல்லியிருந்தார்.

"பூவை என்ன பண்ணே அக்கா?"

"மந்திரிச்சதைக் குப்பையிலயா போடுவாங்க? மூணு அருள்நிறை ஜெபம் சொல்லிக் கடல்ல விட்டுட்டேன். அப்புறம் பூனை இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கிட்டேன். எல்லார் லில்லியும் கோவிலுக்குத் திரும்பப் போயிடுச்சு. சாமியார் முழிச்சுட்டு நிக்கிறார், உள்ள கால் வைக்க இடமில்ல. அது சரி, எண்ணெய் கொடுத்தது தப்பாடா யெர்கோ?"

"தெரியாமத்தானே கொடுத்தோம்."

"நாப்பது வருஷம் வளர்த்தேன்னு வாய் கிழியப் பேசினேனே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பன்னிரண்டுக்குப் போன் அடித்தபோது யெர்கோ மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார். இந்தத் தடவை கேமராவை மூடவில்லை. தோப்ரிலாவின் முகம் தெரிந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள்.

"அந்தோனியார் சட்டையை ரெண்டு நாளா போட்டுட்டுச் சுத்துறியா?"

"தோப்ரிலா, நான் ஒண்ணு சொல்லணும்."

"பேசு."

சொன்னார். ஜாடி, தண்ணீர், குடி குடி என்றது, எண்ணெய், மீன் பிடிக்கப் போனதாகப் பொய் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

"வின்கா நேத்தே எல்லாம் சொல்லிட்டா. நீயா சொல்றியான்னு பார்த்தேன்."

"திட்டு. நல்லா நாலு திட்டு."

"அம்மா படத்துக்கு முன்னால ஏன் வைக்கலன்னு ஊருக்கு வந்து கேட்டுக்கறேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த அறைக் கதவை நான் எப்பவும் வெயிலுக்குன்னுதான் மூடி வைப்பேன், அதனால அவன் பூப்பக்கம் போனதே இல்ல. விஷம்னு எனக்கும் தெரியாது யெர்கோ. தெரிஞ்சிருந்தா அதையும் எழுதி ஒட்டியிருப்பேன். இப்போ நீ எங்க நிக்கிற?"

"வாசல்ல."

"வாசல்ல நின்னு என்ன பண்ற? உள்ள போய் அவன்கூட உட்காரு."

"உன் பூனைதானே. என்னைப் பார்த்து அவனுக்கு என்ன ஆகப்போகுது?"

"என் பூனையா? வீட்ல ஆறு நாற்காலி இருக்கு. அவன் ஏன் உன்னுதுல மட்டும் படுக்கறான்?"

"அது காலியா இருக்கு."

"ஆறும்தான் காலியா இருக்கு, மடையா! போய் உட்காரு."

டாக்டர் முதலில் யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "உள்ள நடக்கக் கூடாது. நீங்க நடந்தா அங்க இருக்கிற எல்லாப் பூனையும் பதறும். அசையாம உட்காரணும். முடியுமா உங்களால?"

யெர்கோ "இதோ" என்று சொல்லவில்லை. "முடியும்" என்றார்.

ஸ்டூல் போட்டார்கள். ஷ்கூரோவைத் துண்டில் சுற்றி, டிரிப் குழாயோடு மடியில் வைத்தார்கள். முன்காலில் கட்டு, கழுவிய முடி திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, பாதி எடைதான் இருந்தது. யெர்கோ ஒரு கையை அதன் முதுகில் வைத்தார். பத்து நிமிஷத்தில் அவர் முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. மறு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிஷத்தில் முதுகு வலித்தது. கால் மரத்துப்போனது. எழுந்து ஒரே ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் போதும் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. அவர் எழவில்லை. பூனை மெல்லத் தலையைத் திருப்பி, கறை பட்ட சட்டைக் கையின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. டாக்டர் ஒரு தடவை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்போது மடி சூடானது. டிரிப் குழாய் கழன்று ஒழுகுகிறதோ என்று முதலில் பயந்தார். பிறகு நாற்றம் வந்தது. சூடு துண்டைத் தாண்டி, அந்தோனியார் சட்டையைத் தாண்டி, கால்சட்டை வழியாக இறங்கிச் செருப்புக்குள் வழிந்தது. நிற்காமல் வந்தது. யெர்கோ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அசைந்தால் எங்கே பாதியில் நிறுத்திவிடுமோ?

"டாக்டரம்மா" என்றார் மெதுவாக. யாருக்கும் கேட்கவில்லை. பிறகு புயலில் சமையலறையிலிருந்து மேல்தளத்துக்குக் கேட்கக் கத்துவாரே, அந்தக் குரலில் கத்தினார். "டாக்டரம்மா! போயிட்டான்! மூத்திரம் போயிட்டான்!"

அவள் ஓடிவந்து குனிந்து பார்த்தாள், துண்டைக் கையால் தூக்கி எடை பார்த்தாள், சிரித்தாள். இன்னும் இரண்டு நாள் டிரிப் ஏற வேண்டும், ரத்தம் மறுபடி பார்க்க வேண்டும், ஆனால் நல்ல செய்திதான் என்றாள். "எழுந்திருங்க ஷோர் யெர்கோ, சட்டை நனைஞ்சிருக்கு, மாத்திக்கங்க."

யெர்கோ எழவில்லை. பூனை அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தது.

"இருக்கட்டும்மா. நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்" என்றார்.